சென்சார் மாற்றியும் லைட் அணையவில்லை: இனி இ.சி.எம். மாற்றலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் கார். தை அறுவடை முடிந்த சமயம் செக் என்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஓடும்போது நடுநடுவே வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, 'பி0135 காட்டுது, ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு' என்றார்கள். புது சென்சார், லேபர் எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய் ஆனது. நான்கு நாள் லைட் வரவில்லை. அப்புறம் அதே லைட், அதே வெட்டு. திரும்பப் போனால், 'இ.சி.எம். அடிவாங்கியிருக்கு, 38,000 ஆகும்' என்கிறார்கள். மாற்றலாமா? சென்சாருக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? அறுவடை நேரத்தில் கார் வைக்கோல் போர் ஓரம் கொட்டகையில் பத்து நாள் எடுக்காமல் கிடந்தது. அதனால் பேட்டரி வீக் ஆகியிருக்குமோ?

பதில்: இ.சி.எம்., அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை மாற்ற இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, வைக்கோல் போர் ஓரம் பத்து நாள் என்று, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பேட்டரியை விட எலி மேல்தான் சந்தேகம் போகிறது. அறுப்பு முடிந்து வயல் காலியானால் வரப்பில் இருந்த எலி கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும்தான் வரும். பானெட்டுக்குள் இருட்டும் கதகதப்பும் அதற்கு நல்ல வசதி. ஒயரைத் தின்பதற்காகக் கடிப்பதில்லை. பல்லைத் தேய்க்கக் கடிக்கிறது. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் மேலும், பேட்டரி தட்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நெல் உமி, வைக்கோல் துணுக்கு, புழுக்கை ஏதாவது கிடந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி.

அந்த பி0135 என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்க உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் இந்தக் கோடு (ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்). சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமில்லை. ஃபியூஸ், ரிலே, ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), இ.சி.எம். வரை எல்லாம் சேர்ந்தது. இதில் எங்கே அறுந்தாலும் கோடு ஒன்றுதான். ஸ்கேனர் தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. வீட்டைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் எடுக்க வேண்டும். உங்கள் ஒர்க் ஷாப்பில் அதை எடுத்ததாகவே தெரியவில்லை.

அவர்கள் கோட்டைவிட்ட இன்னொரு தடயமும் இருக்கிறது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் லைட் எரியும், குளிர்ந்த என்ஜினில் சிறிது நேரம் பெட்ரோல் கூடுதலாகப் போகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். சூடான வண்டி ஓட்டத்தில் வெட்டி இழுப்பதற்கு ஹீட்டர் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் ஹீட்டரையும் வெட்டையும் சேர்த்து விளக்குகிற ஒரே காரணத்தைத் தேட வேண்டும். பல மாடல்களில் சென்சார், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் ஒயர்கள் என்ஜின் மேல் ஒரே கட்டாகத்தான் ஓடுகின்றன. அந்தக் கட்டில் ஓரிடத்தில் இரண்டு மூன்று ஒயர் தோலுரிந்திருந்தால், குலுக்கலில் தொட்டும் விட்டும் இந்த மாதிரி வெட்டு வரும்.

நான்கு நாள் லைட் வராமல் இருந்ததே என்று கேட்பீர்கள். ஸ்கேனரில் கோடை அழித்தால் யார் காரிலும் லைட் அணையும். கோளாறை மறுபடி உறுதிசெய்துகொண்ட பிறகே இ.சி.எம். லைட்டைப் போடும், பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்திலாவது அது தெரிய வேண்டும். அதுவும் விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால் இன்னும் தாமதமாகும். எனவே லைட் அணைந்ததை வைத்துச் சென்சார்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: காரை அந்த ஒர்க் ஷாப்பிலிருந்து எடுத்து, ஒயரிங் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். திருவாரூரிலோ மன்னார்குடியிலோ விசாரித்தால் ஆள் கிடைக்கும். ஏற்கெனவே என்ன சொன்னார்கள் என்பதை முதலில் சொல்லாதீர்கள். 'லைட் எரியுது, வெட்டுது' என்பதோடு நிறுத்துங்கள். சொல்லிவிட்டால் அவரும் அந்தத் தடத்திலேயே போவார். அவர் செய்ய வேண்டிய சோதனை அதிக நேரம் பிடிக்காது. ஃபியூஸைப் பார்ப்பது, சென்சார் கப்ளரைக் கழற்றிச் சாவி போட்ட நிலையில் ஹீட்டர் ஒயரில் பேட்டரி கரன்ட் வருகிறதா என்று பார்ப்பது, அங்கிருந்து இ.சி.எம். வரை ஒயர் அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பது. சில கார்களில் சாவி போட்டு இரண்டொரு நொடிக்குத்தான் கரன்ட் வரும், அப்போது என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். பிறகு என்ஜினை ஐடிலில் விட்டு, ஒயர்க் கட்டைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். எங்கே அசைக்கும்போது என்ஜின் தடுமாறுகிறதோ அங்கே டேப்பைப் பிரித்தால் கடிபட்ட செம்புக் கம்பி தெரியும். கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேதாரண்யம், நாகை உப்புக் காற்று படும் வண்டிகளில் அதுவும் சகஜம். ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மறு மழைக்கே தகராறு வரும். ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

ஒருவேளை உண்மையிலேயே இ.சி.எம். என்றால்? கரன்ட், எர்த், ஒயர் மூன்றும் சரியாக இருந்து, இ.சி.எம். தன் வேலையைச் செய்யவில்லை என்று மீட்டரில் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு. 'வேற வண்டி இ.சி.எம். போட்டுப் பாப்போம்' என்பவரை நம்பாதீர்கள். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு) உள்ள காரில் சாவியோடு கோடிங் பொருந்தாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பணத்துக்கு வருவோம். உங்களுக்குத் தேவை ஆதாரம். பெரிய ஆதாரம் அந்தப் பழைய சென்சார். அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு பெரும்பாலும் ஹீட்டருடையவை. அவற்றுக்கு நடுவே மீட்டர் வைத்தால், நல்ல ஹீட்டர் என்றால் சில ஓம்ஸ் முதல் பதினைந்து ஓம்ஸ் வரை ஏதாவது காட்டும். மாடலுக்கு ஏற்ப மாறும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்த ஹீட்டர், அவர்கள் மாற்றியதில் தப்பில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அளவு சரியாக இருந்தால், கெடாத ஹீட்டருக்காக 8,200 வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒயரிங்கைச் சரிசெய்த எலக்ட்ரீஷியனிடம் 'இந்த இடத்தில் ஒயர் கடிபட்டிருந்தது, சரிசெய்தபின் கோடு வரவில்லை' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிரித்த இடத்தை மூடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு பழைய ஒர்க் ஷாப்புக்குப் போங்கள். சண்டைக்குப் போகிற தோரணை வேண்டாம். 'அண்ணே, பழைய சென்சாரை மீட்டர்ல வச்சுப் பாத்தோம், நல்லாத்தான் இருக்கு. ஒயர்லதான் பிரச்சினை இருந்துச்சு. நீங்களே ஒரு தடவை வச்சுப் பாருங்க' என்று அவர் கையிலேயே மீட்டரைக் கொடுங்கள். எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது என்பார். ஸ்பேர்ஸ் கடையில் அவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும். புது சென்சார் உங்கள் காரில்தான் இருக்கிறது என்பதால் முழுப் பணத்தையும் கேட்பதை விட, லேபரை முழுதாகவும் சென்சார் விலையில் ஒரு பங்கையும் கேட்பது நியாயம் என்பது என் கருத்து. ஒயர் கடியைக் கவனிக்காதது முதல் தடவை அவசரம். சென்சார் மாற்றியும் கோடு வந்தபிறகு, சோதிக்காமல் 38,000 சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கார் இன்னும் அவர்களிடமே இருந்து, பாக்கி கேட்டால்? செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே வாசலில் நின்று தகராறு செய்யாமல், பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். பில் தர மறுத்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே நேர்மையற்ற வணிக நடைமுறை.

பேச்சில் தீராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், உங்களுக்குத் திருவாரூர். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளப்பும், அதற்குத் தயாராக இருங்கள். 8,200 ரூபாய்க்காக ஆணையத்துக்கு அலைவது எல்லாருக்கும் கட்டாது. நோட்டீஸ் போனதுமே பலர் பேச வந்துவிடுவார்கள்.

ஒயரிங் செலவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாமா என்று யோசிப்பீர்கள். எலிக்கடி உங்கள் பாலிசியில் உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், சின்னத் தொகைக்குக் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது அடுத்த பிரீமியத்தில் அதைவிடப் பெரிய அடி.

அடுத்த அறுவடைக்குக் காரை வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், தினமும் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்கள், ராத்திரியில் பானெட்டைத் திறந்து வையுங்கள். வயலுக்கு வைக்கும் எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டியைக் கொட்டகைச் சுவர் ஓரமும் வைக்கலாம், குழந்தைகளும் கோழியும் வராத இடமாகப் பார்த்து. எலி மருந்தை மட்டும் என்ஜின் அறையில் வைக்காதீர்கள். தின்ற எலி ஏ.சி. டக்ட் பக்கம் போய்ச் செத்தால், டாஷ்போர்டைக் கழற்றுகிற செலவு தனி.