பூனைக்குச் சர்க்கரை, கிட்னியிலும் சந்தேகம்: கறியைக் குறைக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். கொப்பரைக் களத்தில் எலிக்காக வளர்த்த கடுவன் பூனைக்கு இப்போது 11 வயது. சின்னதிலேயே காயடித்தாயிற்று. ஆறு கிலோ இருந்தவன் நாலரை கிலோவுக்கு வந்துவிட்டான். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறான், மூத்திரம் போகிற மணலில் எறும்பு மொய்க்கிறது, பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கிறான். பரிசோதனையில் ரத்தச் சர்க்கரை 388, கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1. மூத்திரத்தில் சர்க்கரை உண்டு, கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு கரையும்போது சேரும் நச்சு) இல்லை. கிளார்ஜின் இன்சுலின் காலை மாலை 1 யூனிட் போடச் சொன்னார் டாக்டர். "கிட்னியும் போயிருக்கும், கறியைக் குறையுங்கள்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாமியாருக்குப் போடும் இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது, அதைப் போடலாமா? இல்லை, வீட்டுக்காரர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் அம்மா. மாமியாரின் இன்சுலின் வேண்டாம், மெட்ஃபார்மின் வேண்டாம், கறியைக் குறைக்கவும் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த கிளார்ஜினைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

சர்க்கரை நோய்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடையில் அடைத்து வண்டியில் கொண்டுபோன பூனைக்குப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை 300-ஐத் தாண்டிவிடும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது. ஆனால் எறும்பு தினமும் மொய்க்கிறது என்றால் அது பயத்தால் வந்த சர்க்கரை இல்லை. ரத்தத்தில் ஏறக்குறைய 250-க்கு மேல் போகிற சர்க்கரைதான் மூத்திரத்தில் இறங்கும். தினமும் இறங்குகிறது என்றால் ரத்தத்திலும் தினமும் அந்த அளவு நிற்கிறது. எடை இறக்கமும் குதிகால் நடையும் வேறு சேர்ந்திருக்கின்றன. அந்த நடைக்குக் காரணம் எலும்பு அல்ல, சர்க்கரையால் நரம்பு தளர்ந்ததுதான். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்குச் சில மாதங்களில் நடை தேறிவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: சமீபத்தில் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா? ஒரு தடவை போட்டால் வாரக்கணக்கில் நிற்கும் அந்த ஊசி, வயதான, உடம்பு வைத்த கடுவனுக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பிக்கு வருவோம். நம் வீடுகளில் பெரியவர்களுக்குப் போடும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் உள்ள 30/70 கலவை, அதாவது வேகமான இன்சுலினும் நிதானமான இன்சுலினும் கலந்தது. பூனைக்குப் போட்டால் சர்க்கரையை மடமடவென்று இறக்கும், அடுத்த ஊசிக்கு முன்பே அதன் வேகம் தீர்ந்தும் போகும். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், நிதானமாக வேலை செய்வது. மருந்தைவிட எனக்குப் பயம் சிரிஞ்சில்தான். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. அவசரத்தில் மாமியாரின் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் கிளார்ஜினை 1 என்ற கோடு வரை இழுத்தீர்களானால், உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலரை கிலோ பூனைக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகலாம். பூனையின் சிரிஞ்சைத் தனி டப்பாவில், வேறு அலமாரியில் வையுங்கள். கடையில் ஆரஞ்சு மூடியிலேயே சின்ன அளவு, அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தீனி வைத்து அவன் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஊசி. விலாப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கி, அடியில் ஏற்றிவிடுங்கள். தட்டில் கவனமாக இருக்கும் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சாப்பிடவே இல்லை என்றால் அந்த வேளை ஊசி போடாமல் டாக்டரைக் கேளுங்கள். மருந்து உள்ளே போனதா, முடியில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து.

மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரிதாகப் பயன் தருவதில்லை. தவிர, அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. கிட்னியில் சந்தேகம் இருக்கும்போது எதற்கு அந்த வம்பு? நிலவேம்பு, வெந்தயம், ஆவாரம்பூக் கஷாயம் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கசப்பு பட்டால் பூனை தட்டையே வெறுத்துவிடும். ஊசி போடும் பூனை பட்டினி கிடப்பதுதான் நமக்கு வேண்டாத விஷயம்.

அடுத்து கறி. பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. நிறைய மாவுச்சத்து ஒரே நேரத்தில் வந்தால் அதைச் சமாளிக்கிற திறன் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் நம் பக்கத்துத் தோட்டத்துப் பூனை என்றால் பால்சோறு, தயிர்சாதம், பிஸ்கட், அப்புறம் கடையில் வாங்கும் உலர்தீனி இவைதானே? உலர்தீனியிலும் மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்து இருக்கலாம். குறைக்க வேண்டியது இதையெல்லாம். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியை வெந்த தண்ணீரோடு கொடுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. அதனால் டின்னிலோ பாக்கெட்டிலோ வரும் ஈரத்தீனியை, 'முழு உணவு' என்று போட்டிருப்பதாகப் பார்த்து, மெல்ல மெல்லப் பிரதானமாக்குங்கள். கருவாடு கூடாது, உப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: சோற்றை நிறுத்திக் கறிக்கு மாறினாலே இன்சுலின் தேவை இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஏழெட்டு நாளில் படிப்படியாக மாற்றுங்கள். கறித்தீனியும் கிளார்ஜினும் ஆரம்பத்திலேயே சரியாக அமைந்த பூனைகளில் சில, சில மாதங்களில் ஊசியே வேண்டாத நிலைக்கு வந்துவிடுவதுண்டு.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சிறுநீரகம் நன்றாகக் கெட்ட பூனைக்குப் புரதத்தையும், அதைவிட முக்கியமாகப் பாஸ்பரஸையும் குறைப்பார்கள். ஆனால் கிட்னிக்கென்று விற்கும் தீனியில் மாவுச்சத்து கூடுதல், அது சர்க்கரைக்கு எதிரி. இரண்டு நோயும் ஒன்றாக இருக்கும்போது எது முந்துகிறதோ அதைப் பார்த்துத்தான் தீனி. உங்கள் பூனையிடம் இப்போது முந்தி நிற்பது சர்க்கரை.

கிரியாட்டினின் 2.1 என்பதை எடுத்தவுடன் கிட்னி நோய் என்று எழுதிவிட முடியாது. கோடையில் கிணறு இறங்கினால் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதற்காகக் கிணறே கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டோம். அளவுக்கு மீறி மூத்திரம் போய் உடம்பு வறண்ட பூனையின் ரத்தத்திலும் இதேதான் நடக்கிறது. நீர்ச்சத்து ஏற்றி, சர்க்கரை ஓரளவு இறங்கி, மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் உண்மையான எண் தெரியும். அப்போதும் 1.6-லிருந்து 2.8-க்குள் நின்றால் அது கிட்னி நோயின் இரண்டாம் நிலை. பல பூனைகள் அதோடு வருடக்கணக்கில் ஓட்டும். 2.9-க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. அப்போது கிட்னித் தீனிக்கு மாறி, இன்சுலினை அதற்கேற்பத் திருத்துவது என் கட்சி. ஒன்றை மறக்கக்கூடாது: சதை வற்றிய பூனைக்குக் கிரியாட்டினின் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எனவே முடிந்தால், சதை வற்றினாலும் அவ்வளவாக ஏமாற்றாத எஸ்டிஎம்ஏ என்ற கிட்னி ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த அழுத்தம், மூத்திரத்தில் புரதம். மூத்திரக் கல்ச்சரை, அதாவது மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை, தவறவிட வேண்டாம். சர்க்கரை மூத்திரத்தில் கிருமி சுலபமாக வளரும், அது கிட்னி வரை ஏறினாலும் கிரியாட்டினின் கூடும்; மருந்து கொடுத்தால் இறங்கிவிடக்கூடிய கூடுதல் அது.

தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். "ரொம்பக் குடிக்கிறான், ராத்திரி கிண்ணத்தை எடுத்துவிட்டோம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் இருக்கட்டும். வலி, காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

முதல் இரண்டு மாதமாவது அவனைக் களத்துக்கு விடாமல் வீட்டுக்குள் வையுங்கள். எலி தின்பது சர்க்கரைக்கு நல்லதுதான், அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. ஆனால் எங்கே என்ன தின்றான், விஷம் வைத்த எலியா என்பதெல்லாம் தெரியாமல் ஊசி போட முடியாது. சர்க்கரை இறங்கித் தோப்பில் எங்கேயாவது விழுந்து கிடந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, நடுக்கம் இவைதான் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே தேனோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். விரலையும் பல்லுக்குள் கொடுக்காதீர்கள், கன்னத்தின் உள்பக்கம் தடவினால் போதும். தெளிந்ததும் தீனி கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாறாக வாந்தி, தீனி மறுப்பு, சோர்வு, மூச்சில் பழ வாசனை வந்தால் அது கீட்டோன் ஏறியதன் அடையாளம். அன்றைக்கே காட்ட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

கொப்பரை எடை போடும் மின்தராசு இருக்குமே, கூடையோடு வைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு நோட்டில் எடை, ஊசி போட்ட நேரம், எவ்வளவு தின்றான், எவ்வளவு தண்ணீர் என்று எழுதிவையுங்கள். வீட்டு குளுக்கோமீட்டரில் காது விளிம்பைக் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்; காதை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடேற்றினால் ரத்தம் சுலபமாக வரும். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அந்த எண்ணைப் பார்த்து நீங்களாக யூனிட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மறுபரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும், போடுகிற சிரிஞ்ச் ஒன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள்.