கைத்தொலைபேசிக்கு வரும் வைஃபை கணினியில் மட்டும் அறுவது ஏன்?

கேள்வி: எங்கள் லயன் வீட்டில் 4ஜி ரவுட்டர் பாவிக்கிறோம். கைத்தொலைபேசியில் இணையம் தடையின்றி வருகிறது. விண்டோஸ் 10 மடிக்கணினியில் மட்டும் பத்து நிமிடத்துக்கொரு முறை வைஃபை அறுந்து, மகளின் இணையவழி வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. புதிய ரவுட்டர் வாங்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முதலில் தொலைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வைஃபை தளரும்போது பல தொலைபேசிகள் சத்தமின்றி சிம் அட்டையின் இணையத்துக்கு மாறிவிடுவதால், ரவுட்டர் நன்றாக இருப்பதாக நாம் ஏமாந்துவிடுகிறோம். டேட்டா இல்லாமலும் தொலைபேசியில் இணையம் நிற்காமல் வந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்த பின்னரும் மடிக்கணினியில் அறுந்தால், குற்றம் கணினியில்தான். மலைநாட்டில் எதற்கும் மழையையும் பனிமூட்டத்தையும் பழி சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே அவற்றுக்குப் பங்கில்லை.

இப்படி அடிக்கடி அறுவதற்கு, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக கணினியை வைஃபையுடன் இணைக்கும் பாகமான வைஃபை அடப்டரை விண்டோஸ் இடையிடையே அணைத்துவிடுவது ஒரு முக்கிய காரணம். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடப்டர்ஸ் என்பதன் கீழுள்ள வைஃபை அடப்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குச் சென்று, பவர் மேனேஜ்மண்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற முதல் வரியின் சரி அடையாளத்தை நீக்குங்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தப் பக்கமே காணப்படாது. அதற்காகப் பதற வேண்டியதில்லை.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின்னரே தொல்லை தொடங்கியிருந்தால், அதே ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் (அடப்டரை இயக்கும் மென்பொருள்) பக்கத்திலுள்ள ரோல் பேக் டிரைவரை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், தொலைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் யுஎஸ்பி டெதரிங் (தொலைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்கும் வசதி) வழியாக இணையம் பெற்று, மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரைப் பதிவிறக்கி நிறுவுங்கள். கணினியின் இணைய அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் நெட்வொர்க் ரீசெட்டைச் செய்யுமாறு பலரும் முதலிலேயே சொல்வார்கள். நான் அதைக் கடைசிக்கு வைப்பேன், ஏனெனில் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் அதில் அழிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பின்னரும் அறுந்தால், யாரிடமாவது யுஎஸ்பி வைஃபை அடப்டரை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அதில் இணைப்பு அறாமல் நின்றால், மடிக்கணினியின் உள்ளே இருக்கும் வைஃபை அட்டையோ அதன் அன்டெனா வயரோதான் பழுது. அப்போதும் மாற்ற வேண்டியது ரவுட்டரை அல்ல.