கண் இமை விடாமல் துடிக்கிறதே, ஏன்?

ஒரு வாரமாக இடது கீழிமை துடிக்கிறது, நரம்புக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை, பயப்பட வேண்டாம். கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் மெல்லிய தசையின் சில இழைகள் தானாகச் சுருங்குவதுதான் இது. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் தோலுக்கடியில் லேசாக நெளிவது தெரியும்.

தூக்கக் குறைவு, மன உளைச்சல், அதிகக் காபி, செல்போனையே பார்ப்பதால் வரும் கண் வறட்சி இவையே வழக்கமான காரணங்கள். முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்தான். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் 5 நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். இடது கண் துடித்தால் கெட்டது என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அந்தக் கவலையே தூக்கத்தைக் கெடுக்கும்.

சில வாரங்கள் தாண்டியும் நிற்கவில்லை, கண் முழுதாக மூடிக்கொள்கிறது, கன்னமும் வாயும் சேர்ந்து இழுக்கிறது, இமை தொங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள்.