டான்சானியா பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

டார் எஸ் சலாம்ல குடும்பத்தோட இருக்கேன், கரியாக்கோ பக்கம் ஒரு குடோன்ல கணக்கு பாக்குற வேலை. வேலை கிடைச்சு வர்றவங்க, சுத்திப் பாக்க வர்றவங்க, பிள்ளைய படிக்க அனுப்புறவங்கன்னு ஆளாளுக்குத் தனித்தனியா கேக்குறீங்க, எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடுறேன். சிங்கம் புலி கேள்வியெல்லாம் கடைசில. புலி இங்க கிடையவே கிடையாது, அத மொதல்ல மனசுல வாங்கிக்கோங்க.

கே: அக்கா, அடுத்த மாசம் டார்ல ஜாயின் பண்றேன். ஸ்வாஹிலி தெரியாம சமாளிக்க முடியுமா, இங்கிலீஷ் போதாதா?

ஆபீஸ்ல போதும் தம்பி, கேட்டுக்கு வெளிய கால் வெச்சா போதாது. நைரோபில இருந்த ஃப்ரெண்ட் சொன்னத வெச்சு முடிவு பண்ணாதீங்க, அங்க இங்கிலீஷ்லயே காலத்தை ஓட்டிடலாம். இங்க கவர்மென்ட் ஆரம்பப் பள்ளில பாடமே ஸ்வாஹிலிலதான், செகண்டரி போனாத்தான் இங்கிலீஷ். நூத்துக்கு மேல இனம் இருக்குற நாடு இது, ஆளாளுக்கு ஒரு தாய்மொழி, ஆனா முதல் ஜனாதிபதி நியரேரே ஸ்வாஹிலிய எல்லாருக்கும் பொதுவா கொண்டுவந்து உக்கார வெச்சுட்டாரு, அதனால மந்திரில இருந்து மீன் விக்கிறவரு வரைக்கும் அதுதான் ஓடுது.

ஆனா மொழிய விட முக்கியமா ஒண்ணு சொல்றேன். கடைக்குப் போய் நின்ன உடனே "இது எவ்ளோ"ன்னு கேக்காதீங்க. நம்மூர்ல அது சாதாரணம், இங்க அது மரியாதை கெட்டத்தனம். மொதல்ல "ஹபாரி", அவங்க "ன்சூரி"ன்னுவாங்க, அப்புறம் வீடு எப்படி, வேலை எப்படி, காலைலருந்து எப்படின்னு ரெண்டு மூணு கேள்வி போகும், அதுக்கப்புறம்தான் தக்காளி விலை. உங்க வயசுப் பசங்கன்னா "மாம்போ", பதிலுக்கு "போவா". வயசுல பெரியவங்கன்னா "ஷிகமோ", அவங்க "மரஹபா"ன்னு ஏத்துக்குவாங்க. இதுல பதவி கிதவி கணக்கே இல்ல. எங்க குடோன்ல மேனேஜர் சின்ன வயசு, வாட்ச்மேன் பெரியவர், தினமும் காலைல மேனேஜர்தான் வாட்ச்மேனுக்கு ஷிகமோ சொல்லிட்டு உள்ள வருவாரு. இந்த அஞ்சாறு வார்த்தைய பிளைட்ல உக்காந்தே மனப்பாடம் பண்ணிடுங்க, பாதி வேலை முடிஞ்சுது.

கே: ஹவுஸ் ஓனர் "சா மூணுக்கு வாங்க"ன்னாரு, நான் மத்தியானம் மூணுக்குப் போனா வீடு பூட்டி இருக்கு. என்ன கணக்கு இது?

சான்னா ஸ்வாஹிலில மணி. அவரு காலைல 9 மணிக்கு காத்துட்டு இருந்திருப்பாரு, பாவம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குறதால வருஷம் பூரா சூரியன் ஆறு, ஆறரைக்குள்ள உதிச்சுடும், சாயங்காலமும் அதே மாதிரி சட்டுனு இருட்டிடும். அதனால நாள் விடியல்ல ஆரம்பிக்குது. காலை 7 மணிதான் ஒரு மணி, மத்தியானம் 12 ஆறு மணி, சாயங்காலம் 7 மறுபடியும் ராத்திரி ஒரு மணி. கடிகாரமும் போனும் நம்ம மாதிரிதான் காட்டும், வாயில சொல்றப்ப மட்டும் ஆறு மணி நேரம் தள்ளிச் சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல பேசுனா நம்ம கணக்கு, ஸ்வாஹிலில பேசுனா அவங்க கணக்கு. சிக்கல் எங்கன்னா ஸ்வாஹிலில யோசிச்சு இங்கிலீஷ்ல சொல்றவங்ககிட்ட. பஸ் டிக்கெட் வாங்குறப்ப காலையா ராத்திரியான்னு கேட்டு, டிக்கெட்ல நம்பரா எழுதித் தரச் சொல்லுங்க. இந்தியாவ விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி இருக்கோம், அம்மாவுக்கு போன் பண்றப்ப அதையும் சேத்து குழப்பிக்காதீங்க.

கே: சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

டார்ல இருந்தா கவலையே வேணாம். கிசுட்டு, உபாங்கா பக்கம் தலைமுறை தலைமுறையா குஜராத்திக்காரங்க இருக்காங்க, கோயில், சைவ ஹோட்டல், பருப்பு மசாலா கடை எல்லாம் அங்கேயே நடந்து போற தூரம். வெளியூர்ல கொஞ்சம் சாமர்த்தியம் வேணும். ரோட்டோரம் சமைச்சு விக்கிற அம்மாங்க இருப்பாங்க, மாமா லிஷேன்னு பேரு, அங்க "வாலி மஹராகே"ன்னு கேளுங்க, சோறும் பீன்ஸ் குழம்பும், கடற்கரை ஊர்ன்னா தேங்காப்பால் ஊத்தி வெப்பாங்க, அருமையா இருக்கும். கூட ம்சிச்சான்னு தண்டுக்கீரை. சப்பாத்தியும் சப்பாத்தின்னே கிடைக்கும், நம்மள விட எண்ணெய் தாராளம். காலைல சாயாவும் மாண்டாசியும், அது பொரிச்ச இனிப்பு பன்னு.

நியாமான்னா கறி, சமாக்கின்னா மீன். கேக்குறப்ப "நியாமா வேணாம்"னு மட்டும் சொன்னீங்கன்னா மீன் வெச்சுடுவாங்க, மீன் அவங்க கணக்குல கறி இல்ல. "ஹக்குனா நியாமா, ஹக்குனா சமாக்கி"ன்னு ரெண்டையும் சொல்லணும். உகாலி கண்டிப்பா சாப்பிட்டுப் பாருங்க. வெள்ளை மக்காச்சோள மாவ கொதிதண்ணில போட்டுக் கெட்டியா கிளறி எடுக்குறது, உப்பு கூட போட மாட்டாங்க, வலது கையால உருட்டி, கட்டை விரலால குழி பண்ணி, குழம்ப அள்ளி வாயில போடணும். எனக்கு ரொம்ப நாள் பிடிக்கல, இப்ப வாரம் ரெண்டு தடவை எங்க வீட்லயே உண்டு. அசைவக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், சாயங்காலம் எந்த முக்குல திரும்பினாலும் மிஷ்காக்கி, அதாவது குச்சில குத்தின கறி, சுடுற புகை.

கே: டாலாடாலான்னா என்ன, பொண்ணுங்க தனியா ஏறலாமா?

ஏறலாம், நான் தினமும் ஏறுறேன். தனியார் மினி பஸ் அது, முன்னாடி கண்ணாடில எங்கருந்து எங்கன்னு எழுதியிருக்கும், பக்கவாட்டுல ரூட்டுக்கு ஒரு கலர் பட்டை. கோண்டான்னு கண்டக்டர் கையில சில்லறைய குலுக்கிட்டே வருவாரு, அந்தச் சத்தம் உங்க பக்கம் வந்தா காசு எடுன்னு அர்த்தம், வாயத் திறக்க மாட்டாரு. ஊருக்குள்ள 600 ஷில்லிங் மாதிரி ஆகும், நம்ம காசுக்கு இருபது ரூபா சொச்சம். இறங்கணும்னா "ஷூஷா"ன்னு சத்தமா சொல்லணும், மெதுவா முனகினா அடுத்த ஸ்டாப்தான். பீக் அவர்ல ஜன்னல் வழியா பை போட்டு சீட் பிடிக்கிற கலை இங்கயும் உண்டு.

2016ல இருந்து ம்வெண்டோகாசின்னு தனிப்பாதை பஸ் ஓடுது, டிராஃபிக்ல மாட்டாது, ஆனா காலைல நிக்க இடம் இருக்காது. ஆட்டோவுக்கு இங்க பேரே பாஜாஜி. ஓசூர்ல செஞ்ச டிவிஎஸ் வண்டி வந்து நின்னாலும் அதுவும் பாஜாஜிதான், பாவம் டிவிஎஸ். பைக் டாக்ஸி போடாபோடா வேகமா கொண்டு விட்டுடும், ஹெல்மெட் குடுக்காட்டி ஏறாதீங்க, இதுல மட்டும் நான் ரொம்ப கறார்.

கே: என் மகளுக்கு சான்சிபார் ஐஐடில சீட் கிடைச்சிருக்கு. அங்க முஸ்லிம் ஊர்னு சொல்றாங்க, டிரஸ், சாப்பாடு, பாதுகாப்பு எப்படி? மனசு அடிச்சுக்குது.

அம்மா, தைரியமா அனுப்புங்க. சென்னை ஐஐடியோட கேம்பஸ்தான், 2023ல ஆரம்பிச்சது, நம்ம பிள்ளைங்களும் ஆப்பிரிக்கப் பிள்ளைங்களும் சேந்து படிக்குது. தீவுல கிட்டத்தட்ட எல்லாருமே முஸ்லிம்கள், அதனால ஊருக்குள்ள, முக்கியமா ஸ்டோன் டவுன்ங்கற பழைய நகரத்துல, தோளும் முட்டியும் மறைஞ்சிருந்தா நல்லது. சுடிதார் போட்டா யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. பீச் ஹோட்டல்ல வெள்ளைக்காரங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு அதே டிரஸ்ல மார்க்கெட் போறதுதான் தப்பு. ரம்ஜான் மாசத்துல பகல்ல தெருவுல நின்னு திங்கறது, தண்ணி குடிக்கிறது வேணாம், நிறைய ஹோட்டல் பகல்ல மூடியிருக்கும், ரூம்ல ஏதாவது வெச்சுக்கச் சொல்லுங்க. சாயங்காலம் ஃபோரோதானி பார்க்ல கடல் ஓரமா சாப்பாட்டுக் கடை போடுவாங்க, உரோஜோன்னு மாங்காப் புளிப்பு போட்ட மஞ்சள் சூப்பு, உள்ள பஜ்ஜி, உருளைக்கிழங்கெல்லாம் மிதக்கும், உங்க பொண்ணு முதல் வாரத்துலயே அடிமை ஆயிடும்.

நீங்க பாக்கப் போறப்ப: டார்ல இருந்து ஃபெர்ரில ரெண்டு மணி நேரம், பாஸ்போர்ட் கையில இருக்கணும். 2024 அக்டோபர்ல இருந்து தீவுக்கு வர்ற டூரிஸ்டுங்க அவங்க கவர்மென்ட் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும், 44 டாலர், உங்ககிட்ட வேற பாலிசி இருந்தாலும் இதையும் எடுக்கணும்.

கே: ஆப்பிரிக்கான்னாலே பயமா இருக்கு சிஸ்டர், கருப்பா ஆளுங்க கூட்டமா நின்னா...

நிறுத்துங்க. நீங்களும் நானும் என்ன ரோஸ் கலரா? இதே நெனப்போட வந்தீங்கன்னா நாலு வருஷம் காம்பவுண்டுக்குள்ளயே உக்காந்துட்டு ஊர் சரியில்லன்னு திரும்பிப் போவீங்க, அப்படி நிறைய பேரப் பாத்துட்டேன். அவங்களுக்கும் நம்ம மேல வருத்தம் உண்டு, இந்தியன்னா கடை முதலாளி, வேலைக்காரங்கள அதட்டுவான், அவங்க கூட உக்காந்து சாப்பிட மாட்டான்னு. முழுப் பொய்னு என்னால சொல்ல முடியல.

நிஜமான ஆபத்து என்னன்னு சொல்றேன். கரியாக்கோ மாதிரி நெரிசல்ல போன் போயிடும். ரோட்டோரமா பைய தொங்கவிட்டு நடந்தா பைக்ல வந்து இழுப்பாங்க, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தோள்ல மாட்டுங்க. ராத்திரி தெருவுல நிக்கிற டாக்ஸில ஏறாம ஆப்ல புக் பண்ணுங்க. இருட்டினப்புறம் ஆளில்லாத பீச் வேணாம். அரசியல் கூட்டம்னா தள்ளியே இருங்க. 2025 அக்டோபர் தேர்தல் சமயத்துல டார்ல ஊரடங்கு, நெட் கட், சில நாள் வீட்லயேதான் கிடந்தோம், அரிசியும் கையில கொஞ்சம் காசும் எப்பவும் இருக்கணும்னு அப்ப புரிஞ்சுது.

கே: நான் ம்வான்சால இருக்கேன். கூட வேலை பாக்குறவரு கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடியே ஒரு கார்டு குடுத்து காசு கேக்குறாரு, வாட்ஸப் குரூப்ல வேற சேத்துட்டாங்க. இது என்ன வசூல்?

ஹாஹா, வாழ்த்துக்கள், உங்கள அவங்க ஆளா சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். அது ம்சாங்கோ கார்டு. நம்ம மொய் கல்யாணத்தன்னைக்கு சாப்பிட்டுட்டு எழுதுறது, இங்க கல்யாணமே அந்தக் காசுலதான் நடக்குது, அதனால முன்னாடியே. இதுக்கு ஒரு கமாட்டி இருக்கும், தலைவர், பொருளாளர் எல்லாம் வெச்சு வாராவாரம் கூடுவாங்க, மண்டபம் யாரு, சாப்பாடு யாரு, மைக் பிடிக்கிறவரு யாருன்னு பிரிச்சு வேலை செய்வாங்க. நீங்க இவ்ளோ தர்றேன்னு ஒரு தொகை சொல்லணும், அப்புறம் தவணை தவணையா கூட கட்டலாம். சொல்லிட்டுக் கட்டலன்னா குரூப்ல பேரோட லிஸ்ட் வரும், அதுதான் பயங்கரம்.

கட்டினப்புறம்தான் நிஜமான அழைப்பிதழ் வரும், அதுல சிங்கிள், டபுள்னு போட்டிருக்கும். சிங்கிள்னா நீங்க மட்டும், டபுள்னா ஜோடியா. சிங்கிள் வாங்கிட்டு பொண்டாட்டி பிள்ளையோட போய் நின்னீங்கன்னா வாசல்லயே மானம் போயிடும், குடும்பத்தோட பந்தில உக்காந்து பழகுன நமக்கு இது ஜீரணம் ஆக நாளாகும். எவ்ளோ குடுக்கறதுன்னா ஆபீஸ்ல மத்தவங்ககிட்ட ரகசியமா கேளுங்க, 50,000 ஷில்லிங், 1,00,000 ஷில்லிங்னு போகும். பொண்ணு வீட்ல அதுக்கு முன்னாடி செண்டாஃப்னு தனி விழா, பொம்பளைங்களுக்கு மட்டும் கிச்சன் பார்ட்டின்னு இன்னொண்ணு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வசூல், ஜூலை ஆகஸ்ட் வந்தா என் சம்பளத்துல ஒரு பங்கு இதுக்கே போகுது. போனீங்கன்னா ஒரு ஓரமா உக்காந்துடாதீங்க, பரிசு குடுக்க மேடைக்குப் போறப்ப வரிசையா ஆடிக்கிட்டேதான் போகணும், வயசானவங்களும் ஆடுவாங்க. கிளிமஞ்சாரோ பக்கத்து ஆளுங்கன்னா முழு ஆட்டை வாட்டி, அலங்காரம் பண்ணி, ன்டாஃபுன்னு மேடைக்குக் கொண்டு வருவாங்க, சைவக்காரங்க அந்த நேரம் பாத்ரூம் போயிடுங்க.

சாவு வீட்டுக்கும் இதே மாதிரிதான் எல்லாரும் காசு போடுவாங்க. கல்யாணத்துக்குப் போகாட்டிகூட மன்னிப்பாங்க, பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போய் கொஞ்ச நேரமாவது உக்காரலன்னா மறக்கவே மாட்டாங்க.

கே: காசு எப்படி, கார்டு வாங்குவாங்களா?

பெரிய ஹோட்டல், சூப்பர் மார்க்கெட்ல மட்டும். மத்தபடி எல்லாம் போன்லதான், எம்பெசா, ஏர்டெல் மணி இப்படி. ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்குறப்பவே அதையும் ஆக்டிவேட் பண்ணிடுங்க. முக்குக்கு முக்கு சின்ன டப்பாக்கடைல ஏஜென்ட் உக்காந்திருப்பாங்க, காசு போடலாம் எடுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் கட்டணம் உண்டு, நம்ம யூபிஐ மாதிரி ஓசி கிடையாது. பெரிய நோட்டே 10,000 ஷில்லிங்தான், முன்னூத்தி சொச்சம் ரூபா, அதனால வாடகை கட்டப் போறப்ப பை நிறைய கொண்டு போகணும். கரண்டுக்கும் முன்கூட்டியே காசு கட்டி வர்ற நம்பர மீட்டர்ல அடிக்கணும், ராத்திரி சீரியல் நடுவுல தீந்து போகும். பிளக் பாயிண்ட் இங்கிலாந்து மாடல், சதுரமா மூணு காலு, அடாப்டர் வேணும்.

கே: ஃபேமிலியா செரங்கெட்டி போகணும், கம்மி பட்ஜெட்ல முடியுமா?

முடியாதுங்க, ஆசை காட்ட விரும்பல. நுழைவுக் கட்டணமே பெரியவங்களுக்கு நாளைக்கு 70 டாலர், மேல வரி, அப்புறம் ஜீப்பு, டிரைவர், தங்குறது. இடம்பெயர்ற மான் கூட்டம் ஆத்தைக் கடக்குறத பாக்கணும்னா ஜூலைல இருந்து அக்டோபருக்குள்ள வடக்குப் பக்கம் போகணும், குட்டி போடுறத பாக்க ஜனவரி பிப்ரவரி, தெக்குப் பக்கம். மார்ச்சுல இருந்து மே வரைக்கும் பெருமழை, விலை குறையும், ரோடும் குறையும்.

கையக் கடிக்காம விலங்கு பாக்கணும்னா மிக்குமி தேசியப் பூங்காவுக்குப் போங்க. டார்ல இருந்து மொரொகொரோ வரைக்கும் 2024ல விட்ட புது கரண்ட் ரயில்ல போய், அங்கருந்து வண்டி எடுத்துக்கலாம். கட்டணம் பாதிக்கும் கீழ, யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் இருக்கு, அதிர்ஷ்டம் இருந்தா சிங்கமும். என் பிள்ளைங்களுக்கு இதுவே போதுமா இருந்துச்சு.

கே: தடுப்பூசி?

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுட்டு வாங்க, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, கிளம்ப பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். அடிஸ் அபாபா, நைரோபி வழியா வந்தா அந்த மஞ்சள் கார்ட கேக்க வாய்ப்பு அதிகம். மலேரியா இங்க நிஜம், மாத்திரைக்கு டாக்டரப் பாருங்க, கொசுவலை இல்லாம தூங்காதீங்க, காய்ச்சல் வந்தா அன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. ஊருக்குத் திரும்பினப்புறம் காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட ஆப்பிரிக்கா போனத சொல்லணும்.

கே: வர்றப்ப சமையலுக்கு என்னென்ன மூட்டை கட்டணும்?

புளி, தேங்கா, வாழைக்காய், மரவள்ளி, முருங்கை எல்லாம் இங்கயே விளையுது, தயவுசெஞ்சு தூக்கிட்டு வராதீங்க. உளுந்து, பெருங்காயம் கிசுட்டுல கிடைக்கும். இட்லி அரிசி, சாம்பார் பொடி, அப்பளம், நல்ல ஃபில்டர் காபித் தூள் கொண்டு வாங்க, காபி இங்க விளையுது ஆனா சிக்கரி கலந்து கிடைக்காது. சின்ன வெட் கிரைண்டர் முடிஞ்சா ஒண்ணு. எல்லாத்தையும் டப்பால, துணிப்பைல கட்டுங்க, 2019 ஜூன்ல இருந்து பிளாஸ்டிக் கேரி பேக் இங்க தடை, ஏர்போர்ட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க.