ஜிக்கியோட குரலுக்கு என்ன வயசு?

வாசகர் கடிதம்:

வணக்கம். எங்க அம்மா வேலை பாக்கும்போதெல்லாம் முணுமுணுக்கிற பாட்டு 'துள்ளாத மனமும் துள்ளும்'. எனக்கு ஜிக்கின்னா அந்த ஒரு பாட்டுதான். போன வாரம் 'வாராய் நீ வாராய்' கேட்டேன், அதுலயும் ஜிக்கின்னு பேர் போட்டிருந்துச்சு. அதே ஜிக்கிதானா இது? ரெண்டும் ஒரே ஆள் பாடின மாதிரியே தெரியல. அவங்க எப்பத்துலேர்ந்து பாடுறாங்க? சுசீலா வந்ததும் ஜிக்கி காணாமப் போயிட்டாங்கன்னு எங்க மாமா சொல்றார், அது நிஜமா? எதுலேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

பதில்:

வணக்கம். அதே ஜிக்கிதான். நீங்க கேட்ட ரெண்டு பாட்டுக்கும் நடுவுல ஒம்பது வருஷம் இருக்கு. அதைவிட முக்கியம், 'வாராய்' வந்தப்ப அவங்களுக்கு பதினஞ்சு வயசு கூட ஆகல. இதை முதல்ல மனசுல வச்சுக்கிட்டு அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேளுங்க, வேற பாட்டா கேக்கும்.

நிஜப் பேர் பி.ஜி. கிருஷ்ணவேணி. தெலுங்குக் குடும்பம், வளர்ந்தது மெட்ராஸ். 1943ல 'பந்துலம்மா'ன்னு ஒரு தெலுங்குப் படம், அதுல சின்னதா ஒரு வேஷம் போட்டு பாடவும் செஞ்சாங்க, அப்போ எட்டு வயசு கூட நிரம்பாத குழந்தை. தமிழ்ல ஊரே திரும்பிப் பாத்தது 1948ல, 'ஞானசௌந்தரி' படத்துல. எஸ்.வி. வெங்கட்ராமன் மியூசிக், 'அருள் தாரும் தேவமாதாவே'ன்னு மாதாகிட்ட வேண்டுற பாட்டு. இந்தப் பாட்டுக்குள்ளயே கதாநாயகி குழந்தையிலேர்ந்து பெரியவளா வளர்ந்துடுவா. குழந்தையா இருக்கிற வரைக்கும் ஜிக்கி பாடுவாங்க, வளர்ந்ததும் பி.ஏ. பெரியநாயகி எடுத்துக்குவாங்க. அந்த மாறுற இடத்தை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கேன். பெரியநாயகி பெரிய பாடகி, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அவங்க தொடங்கினதும் என் மனசு ஒரு நிமிஷம் அந்தக் குழந்தையத்தான் தேடும்.

இப்போ பாருங்க, 1948ல 'இது குழந்தைக் குரல், வளர்ந்த பொண்ணுக்கு வேற ஆள் வேணும்'னு ஒதுக்கி வச்ச அதே குரலை ரெண்டே வருஷத்துல இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் கல்யாணமான ஒருத்திக்குப் பாட வச்சார். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரிகுமாரி', 1950. நீங்க கேட்ட 'வாராய்' அதுலதான் வருது. சீன் தெரியாம கேட்டிருந்தீங்கன்னா பாதிதான் கேட்டிருக்கீங்க. புருஷன் பொண்டாட்டியைக் கொல்றதுக்காக மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறான், அது அவனுக்குத் தெரியும், பாக்கிற நமக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. திருச்சி லோகநாதன் அந்தக் கனமான குரல்ல வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே போவார், இந்தப் பொண்ணு காத்து வீசுறதையும் மனசு பொங்குறதையும் பாடிக்கிட்டே பின்னாடி வரும். அங்க தேர்ந்த பாடகி யாராவது வந்து நெளிவு சுளிவோட பாடியிருந்தா அந்தப் பயம் நமக்கு வந்திருக்காது. ஒண்ணும் தெரியாத ஒரு குரல் வேணும், அது ஜிக்கிகிட்ட இருந்துச்சு. பாட்டு முடிஞ்சு உண்மை தெரிஞ்சப்புறம் கீழ விழுறது அவ இல்ல, அவன்தான், அது வேற விஷயம். அப்போல்லாம் பாடுறவங்களும் வாத்தியக்காரங்களும் சேர்ந்து ஒரே மூச்சுல ரெக்கார்ட் பண்ணணும், இன்னிக்கு மாதிரி தனித்தனியா எடுத்து ஒட்ட முடியாது. லோகநாதன் மாதிரி ஒருத்தர் பக்கத்துல நின்னு அவர் குரல்ல முங்கிப் போகாம பாடுறது, அதுவும் அந்த வயசுல, சாதாரண காரியம் இல்லீங்க. அதே படத்துல அதே ஜோடி 'உலவும் தென்றல் காற்றினிலே'யும் பாடியிருக்காங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க.

என்னைக் கேட்டா ஜிக்கியோட திறமை இதுதான். எல்லா வகைப் பாட்டும் பாடினாங்கன்னு பட்டியல் போடலாம், போடவும் செய்றாங்க, ஆனா வகைன்னு பாத்தா நிறைய பேர் பாடியிருக்காங்க. ஜிக்கிகிட்ட குரல் ஒண்ணுதான், அந்தச் சிறுமி எங்கயும் போகல, பாடுற பொண்ணுக்கு அந்த நேரத்துல எவ்வளவு தெரியும், என்ன தெரியாதுங்கறதுதான் பாட்டுக்குப் பாட்டு மாறும். 'குலேபகாவலி'யில 'மயக்கும் மாலை' (1955) மயக்கத்துல இருக்கிறவ பாடுறது, அடுத்த வருஷம் 'மதுரை வீரன்'ல டி.எம்.எஸ். கூட 'நாடகமெல்லாம் கண்டேன்', அதுல எல்லாம் தெரிஞ்சவ பாடுறா. அதே 1956ல 'ஜாலிலோ ஜிம்கானா'ன்னு கும்மாளம். 1953ல ராஜ்கபூரோட 'ஆஹ்' தமிழ்ல 'அவன்'னு வந்தப்ப லதா மங்கேஷ்கர் பாடின மெட்டுகளை தமிழ்ல பாடினது இவங்கதான், அப்பவும் லதாவைக் காப்பி அடிக்கல. தெலுங்குல 'ஏருவாக சாகாரோ'ன்னு ஒரு பாட்டு, 1955ல 'ரோஜுலு மாராயி' படத்துக்கு, வஹீதா ரஹ்மான் ஆடினது. அந்த மெட்டை எஸ்.டி. பர்மன் ஹிந்திக்கு எடுத்துட்டுப் போனார்.

மாமா சொல்றதுல பாதி நிஜம். அம்பதுகளோட கடைசியிலேர்ந்து சுசீலா காலம் ஆரம்பிச்சது, வாய்ப்புகள் அந்தப் பக்கம் போச்சு. ஆனா காணாமப் போகல. பாடகரும் இசையமைப்பாளருமான ஏ.எம். ராஜாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அவர் இசையிலதான் 1959ல 'கல்யாண பரிசு'ல உங்க அம்மாவோட பாட்டு வந்துச்சு, பட்டுக்கோட்டையார் எழுதினது. 1961ல 'தேன் நிலவு'ல 'ஊரெங்கும் தேடினேன்'. அப்புறம் சினிமா குறைஞ்சு மேடைக் கச்சேரிகள். 1989ல வள்ளியூர் ரயில் நிலையத்துல நடந்த விபத்துல ராஜா போயிட்டார். அதே வருஷம் வந்த 'பாட்டுக்கு ஒரு தலைவன்' படத்துல இளையராஜா இவங்களை மனோ கூட 'நினைத்தது யாரோ' பாட வச்சிருந்தார்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்க. 'அருள் தாரும்' பாட்டுல ஜிக்கி பாடுற வரைக்கும் கேட்டுட்டு, பெரியநாயகி தொடங்குற இடத்துல நிறுத்திடுங்க. உடனே 'நினைத்தது யாரோ' போடுங்க. அதைப் பாடினப்ப ஜிக்கிக்கு அம்பது தாண்டியிருந்துச்சு, படத்துல பாடுறது இளம் கதாநாயகி. அம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு கேளுங்க, அவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு எனக்கு எழுதுங்க.