வாசகர் கேள்வி – பதில்: ஜூனில் இருந்த மீன் ஆகஸ்டில் எங்கே?

கேள்வி: ஜூன் மாதக் கடைசியில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மஸ்கோகாப் பகுதி ஏரி ஒன்றில், கரையிலிருந்து கல்லெறி தூரத்துக்குள்ளேயே, அரை நாளில் ஏழு ஸ்மோல்மௌத் பாஸ் (சிறுவாய் பாஸ்) மீன்கள் பிடித்தோம். ஆகஸ்டில் அதே பாறைக் கரைக்குப் போனபோது, இரண்டு நாளில் விரல் நீளப் பேர்ச் மீன்களைத் தவிர எதுவும் அகப்படவில்லை. ஏரியில் மீன் தீர்ந்துவிட்டதா, அல்லது இரையை மாற்ற வேண்டுமா?

பதில்: மீன் தீரவில்லை. நீங்கள் ஜூன் மாத மீனை ஆகஸ்டில் தேடியிருக்கிறீர்கள். இனப்பெருக்கம் முடிந்த கையோடு கரையோரத்தில் நிற்கும் சிறுவாய் பாஸ், கோடை முற்றும்போது அங்கே நிற்க வேண்டிய காரணத்தை இழந்துவிடுகிறது. வெயில் உச்சியில் இருக்கும் தெளிந்த நீரில் ஆழமற்ற இடம் அதற்கு உவப்பானதன்று. அதன் இரையாகிய சிறு மீன்களும் அதற்குள் நடு ஏரிக்கு நகர்ந்திருக்கும். ஆகவே பெரிய மீன்கள் நீருள் மூழ்கிய பாறைத் திட்டுகள், கரை முனை சரிந்து இறங்கும் விளிம்புகள், தீவுகளுக்கு இடையிலான கற்படுகைகள் ஆகியவற்றை நாடி, ஐந்து முதல் பத்து மீற்றர் வரையான ஆழத்தில் தங்குகின்றன. பொழுது சாயும்போதும் விடியும்போதும் அவற்றில் சில மேலேறி வந்து கரையோரத்தில் மேய்ந்துவிட்டுத் திரும்பும். பகல் பதினொரு மணிக்குக் கரையில் தூண்டில் போட்டவருக்குப் பேர்ச் கிடைத்ததில் வியப்பில்லை.

இரையை மாற்றுவது இரண்டாவது வேலை. இடத்தை மாற்றுவதே முதல் வேலை. (என் முதல் மூன்று கோடைகளை இரைப்பெட்டியை நிரப்புவதிலேயே கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.) ஏரியின் ஆழ வரைபடம் ஒன்றைப் பெற்று, ஆழமான நீரின் நடுவே சமவரைகள் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கி ஒரு மேட்டைக் காட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மேட்டின் தரை சேறா கல்லா என்பதை எடைக்குண்டை இழுத்துப் பார்த்தே அறியலாம்: சேற்றில் தூண்டில் தடி மெத்தென்று கனக்கும், கல்லில் தட்டித் தட்டி வரும். தட்டும் இடம்தான் உங்களுடையது. ஏனெனில் இந்த மீன் மிக விரும்பி உண்ணும் கிரேபிஷ், அதாவது சிங்க இறாலின் சிற்றுருவம் போன்ற நன்னீர் உயிரி, கல் இடுக்குகளில்தான் குடியிருக்கிறது. ஏழு கிராம் அளவிலான ஜிக் (தலையில் எடை பொருத்திய தூண்டில் முள்) ஒன்றில் ரியூப் எனப்படும் குழாய் வடிவ மென்பிளாஸ்ரிக் இரையைக் கோத்து, ஆறு அல்லது எட்டு இறாத்தல் தாங்கும் தங்கூசியில் தரைவரை இறக்கி, கிரேபிஷ் பின்னோக்கித் துள்ளுவதுபோல் சிறு சிறு துள்ளலாக இழுத்து வந்தால் போதும். ஈயத்துக்குப் பதில் டங்ஸ்ரன் எடையை வாங்க முடிந்தால் வாங்குங்கள். அறுந்து விழும் சிறு ஈயக் குண்டுகளை லூன் பறவைகள் விழுங்கி இறப்பதனால், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய எடைகள் 1997 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். பலர் அலையில்லாத மறைவுப் பக்கத்தைத் தேடிப் படகை நிறுத்துகிறார்கள். அது நமக்கு வசதி, மீனுக்கு அன்று. காற்று மோதும் பக்கத்தில் அலை வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மிதக்கும் நுண்ணுயிரிகளும், அவற்றின் பின்னே சிறு மீன்களும், அவற்றின் பின்னே பாஸும் அங்கே ஒதுங்குகின்றன. படகுக்கு ஆபத்தில்லாத அளவு காற்றென்றால் அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சிறுவாய், பெருவாய் ஆகிய இரண்டு பாஸையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போனால் பெருவாய், தாண்டாமல் கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் சிறுவாய். பெருவாய்க்கு உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு கரும்பட்டை ஓடும். சிறுவாய்க்கு வெண்கல நிற உடலில் மேலிருந்து கீழாக மங்கிய கோடுகள் இருக்கும். இதன் அறிவியற் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1802 இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் இதற்குச் 'சிறு துடுப்பு' என்னும் பொருள்பட மைக்ரொப்தெரஸ் என்று பெயரிட்டார். அவர் கைக்குக் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்ததால், பிரிந்து நின்ற துண்டைத் தனியொரு சிறு துடுப்பு என்று அவர் எண்ணிவிட்டார்.

கேள்வி: மே மாதத்தில் கரையோரம் தெளிந்த நீரில் வட்டமாகத் துப்புரவான ஒரு கற்தரையும், அதன் மேல் அசையாமல் நிற்கும் மீனும் தெரிகின்றன. பிடித்து உடனே விட்டுவிட்டால் என்ன கெடுதல்?

பதில்: நீங்கள் பார்த்தது கூடு, மேலே நிற்பது தந்தை மீன். நீரின் வெப்பம் ஏறக்குறைய 15 பாகை செல்சியசை எட்டும்போது ஆண் மீன் வாலால் கற்களைத் துப்புரவு செய்து கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டு விலகிப் போய்விடுகிறது. அதன்பின் முட்டைகளின் மேல் துடுப்பசைத்துக் காற்றோட்டம் தருவதும், குஞ்சு பொரித்த பின்னும் அவை கலைந்து போகும்வரை சில வாரங்கள் காப்பதும் ஆணின் வேலை. அந்த நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. உங்கள் இரையைக் கவ்வுவது பசியால் அல்ல, கூட்டுக்கு வந்த பகையை விரட்டவே. ஆகவே அப்போது அகப்படும் மீனை உங்கள் திறமைக்கு அளவாகக் கொள்ள வேண்டாம்.

கெடுதல் என்னவென்றால், நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு விடும் அந்தச் சில நிமிடங்களுக்குள் பேர்ச்சும் சன்பிஷும் கூட்டுக்குள் புகுந்துவிடும். முட்டைகள் பெருமளவு போய்விட்டால், களைத்துத் திரும்பும் ஆண் மீன் எஞ்சியவற்றையும் கைவிட்டுப் போய்விடுவதுண்டு. வட ஏரிகளில் இந்த இழப்பு மேலும் கூடுதலாகக் கனக்கிறது. இங்கே கோடை குறுகியது. குஞ்சுகள் குளிர் காலம் முழுவதும் ஏறக்குறைய எதுவுமே உண்ணாமல், கோடையில் சேர்த்த கொழுப்பில்தான் பிழைக்க வேண்டும். பிந்திப் பொரித்த சிறிய குஞ்சு பனி உருகும்வரை தாக்குப்பிடிப்பது அரிது.

சட்டமும் இங்கே தெளிவானது. ஒன்ராறியோ இருபது மீன்வள மேலாண்மை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தென் பகுதி மண்டலங்கள் பலவற்றில் பாஸ் பருவம் ஜூன் மாதத்தின் மூன்றாம் அல்லது நான்காம் சனிக்கிழமையே திறக்கிறது. மூடிய பருவத்தில், விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிக்க முயல்வதும் குற்றமே. உங்கள் ஏரி எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை அந்த ஆண்டின் விதிமுறைத் தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒக்டோபரில் பதினான்கு மீற்றர் ஆழத்திலிருந்து பிடித்த மீனை விட்டபோது அது வயிறு மேலாக மிதந்தது. ஏன்?

பதில்: பாஸின் காற்றுப்பைக்கும் குடலுக்கும் இடையே குழாய் இல்லாததால், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது விரியும் வாயுவை அதனால் ஏப்பம்போல் வெளிவிட முடியாது. இலையுதிர் காலத்தில் இம்மீன்கள் ஆழத்தில் கூட்டமாகச் சேர்வதால் ஒன்று கிடைத்த இடத்தில் பத்துக் கிடைக்கும், சோதனையும் அதுதான். விடும் எண்ணமிருந்தால் பத்து மீற்றருக்குக் கீழே இறக்க வேண்டாம். அதற்குக் கீழே பிடிப்பவர், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை உணவுக்கு எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டிவிடுவது மேல்.

கேள்வி: எங்கள் குடிலின் அருகே உள்ள சிற்றேரியில் பாஸ் இல்லை. பக்கத்து ஏரியிலிருந்து நாலைந்து கொண்டுவந்து விடலாமா?

பதில்: வேண்டாம், அது சட்டவிரோதம். ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவின் ஏரிகளில் இன்று நாம் மகிழ்ந்து பிடிக்கும் சிறுவாய் பாஸும் நூறாண்டுகளுக்கு மேல் முன்பு கொண்டுவந்து விடப்பட்டவையே என்பது உண்மைதான். ஆனால் பாஸ் புகுந்த ஏரிகளில் கரையோரச் சிறு மீன்கள் குறைந்து, அவற்றை நம்பியிருந்த ஏரி ட்ரவுட் என்னும் மீன், மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தின்று ஒப்பேற்ற நேர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிழக்குக் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்து மிரமிச்சி ஏரியில் 2008 இல் இம்மீன் காணப்பட்டது. பின்னர் அது சால்மன் மீன் வாழும் தென்மேற்கு மிரமிச்சி ஆற்றுக்கும் இறங்கியதால், 2022 இல் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்கொல்லி மருந்தே இட வேண்டியதாயிற்று. உங்கள் சிற்றேரியில் இப்போது என்ன மீன் இருக்கிறது என்பதைத் தூண்டில் போட்டுப் பாருங்கள். ட்ரவுட்டாக இருந்தால், பக்கத்து ஏரிக்காரர்கள் உங்களைப் பார்த்துத்தான் பொறாமைப்படுவார்கள்.