எத்தனையாவது அலை? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலைதான், உப்புவெளியில் வீடு. போன வருடம் ஒரு கமரா வாங்கினேன். விடியற்காலையில் டச்பே முனைப் பாறைகளிலும், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் நிலாவெளிப் பக்கமும் படம் எடுக்கிறேன். வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டொப் கறுப்பு ஃபில்டர் போட்டு, கமராவின் ஷட்டரை 30 செக்கன் திறந்து வைத்தால் கடல் பால் மாதிரி வருகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ குறைகிறது. இரவில் நட்சத்திரங்கள் இழுபட்டு வருகின்றன. ஐஸ்லாந்து, நோர்வே படங்களைப் பார்த்தால் அந்தப் பாறைகள் எங்கே, எங்கள் கரை எங்கே என்று சோர்ந்துபோகிறேன். இன்னும் கறுப்பான ஃபில்டர் வாங்கலாமா? எந்த லென்ஸ் நல்லது? பால்வீதியை வேறொரு இரவில் எடுத்து ஒட்டினால் தவறா?

ச.

அன்புள்ள தம்பி,

"எனக்கு மட்டும் ஏதோ குறைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக நானும் என் பழைய கடல் படங்களை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றிலும் அதே குறை இருக்கிறது.

முதலில் ஐஸ்லாந்துக் கதையை முடித்துவிடுகிறேன். உப்புவெளியில் இருந்துகொண்டு பாறை இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கோணேசர் மலையில் இருக்கும் அந்தப் பாறைப் பிளவு, இராவணன் வெட்டு, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களை அந்த மலையின் அடியில்தான், 1956இல், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்தார்கள். அவ்வளவும் கிடக்கிற கடலின் மேல் நின்றுகொண்டு நீங்கள் போனில் நோர்வேயைப் பார்க்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. இனி இப்படி எழுதாதீர்கள்.

சரி, குறைக்கு வருகிறேன்.

நான் வளர்ந்த காலம் யுத்த காலம். பொழுது பட்டால் கரைக்குப் போக முடியாது. இரவுத் தொழிலுக்கும் தடை இருந்தது. மின்சாரம் பாதி நாள் இல்லை. முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் வானம் முழுக்க நட்சத்திரம். இன்று அந்த இருட்டைத் தேடி நீங்கள் புல்மோட்டைப் பக்கம் போகவேண்டியிருக்கும். கடல் வீட்டுக்குக் கிட்டத்தான், ஆனால் இரவில் அதைப் பார்த்ததே இல்லை. சத்தம் மட்டும் வரும். அம்மா படுத்தபடியே அதை வைத்துக் காற்றைச் சொல்லுவா. உருண்டு வந்து, இடைவெளி விட்டு, பொத்தென்று விழுந்தால் வாடை, வடகிழக்குப் பருவக்காற்று. சளசளவென்று ஓயாமல் கரையை நக்கிக்கொண்டிருந்தால் கச்சான், தென்மேற்குக் காற்று. எங்களுக்கு இரவுக் கடல் என்றால் காதால் தெரிந்த கடல். தேவாரத்திலும் இந்த ஊர்க் கடலுக்குக் குரைகடல் என்றுதான் பெயர்.

உங்கள் பால் கடலில் இல்லாதது அந்தச் சத்தம்தான்.

30 செக்கனில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாடைக் காலத்தில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில், நான் எண்ணிப் பார்த்தவரை, எட்டுப் பத்து செக்கன் இருக்கும். அப்படியென்றால் உங்கள் படத்தில் மூன்று நான்கு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. ஒன்று வரைந்ததை அடுத்தது அழித்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது எந்த அலையும் இல்லாத ஒரு வெள்ளைப் புகை. அந்தப் புகை எந்த ஊர்க் கடலுக்கும் பொருந்தும். உங்கள் படம் உங்கள் ஊரைப்போல் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். பாறையைக் குறை சொல்லாதீர்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, அடிபட்டுத்தான் சொல்கிறேன். 2012 மார்கழி. கறுப்புக் கண்ணாடி கையில் கிடைத்த புதிது. சல்லியில் பாறை ஒன்றின்மேல் ட்ரைபொட்டை நிறுத்தி, நாலு நிமிடப் படம் ஒன்றுக்குத் திறந்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலை இடுப்புக்கு வந்தது. திரும்புவதற்குள் ட்ரைபொட்டும் கமராவும் போய்விட்டன. என்னைப் பாறையோடு தேய்த்துவிட்டுப் போனது. பெரியப்பா அப்போது எழுபது தாண்டியவர், கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஓடிவந்து தூக்கிவிட்டார். முழங்காலில் இரத்தம். அதைப் பார்க்கவில்லை அவர். "எத்தினையாவது அலையடா அது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நாலு நிமிடமாகக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு எத்தனை அலை வந்தது என்று தெரியவில்லை.

பெரியப்பா கரைவலைக்காரர். வலைத்தோணியைத் தள்ளும் முன் தண்ணீர் விளிம்பில் பேசாமல் நிற்பார். இளம்பெடியன்கள் அவசரப்படுவார்கள். "பொறு" என்பார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஒரு தணிவு வரும். அந்தத் தணிவில்தான் "தள்ளு" என்று குரல் கொடுப்பார். தோணி ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்காமல் அலையைக் கடந்துவிடும். அவர் கையில் கடிகாரம் கட்டி நான் பார்த்ததில்லை.

ஆகவே தம்பி, அடுத்த முறை பாறைக்குப் போனால் கமராவைப் பையை விட்டு எடுக்காதீர்கள். கால் மணி நேரம் இருந்து எண்ணுங்கள். எது பெரிய அலை, அதற்குப் பிறகு எத்தனை சிறிய அலை, தணிவு எவ்வளவு நேரம், எந்தப் பாறை வரை ஈரம் ஏறியிருக்கிறது, எல்லாம் பாருங்கள். ஈரம் ஏறிய பாறையில் நிற்கவேண்டாம். பிறகு ட்ரைபொட்டை வைத்து, அரைச் செக்கனிலிருந்து இரண்டு செக்கனுக்குள் திறந்து பாருங்கள். அலை வந்து மோதும்போது எடுக்கவேண்டாம். மோதிவிட்டுத் திரும்பும்போது எடுங்கள். தண்ணீர் பாறை இடுக்குகளால் வழிந்து இறங்கும். ஒவ்வோர் இழையும் வெள்ளைக் கோடாக விழும், கடல் எந்தப் பக்கம் இழுத்தது என்பது படத்தில் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தால் காதில் கேட்கும். இதற்காகத்தான் நான் இத்தனை தூரம் எழுதுகிறேன்.

பத்து ஸ்டொப் கண்ணாடி வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒன்றாக்குகிறது. ஆறு ஸ்டொப் அறுபத்துநான்கில் ஒன்றாக்கும். முப்பதில் ஒரு செக்கன் தேவைப்படும் வெளிச்சத்தில் முன்னது உங்களை 30 செக்கனுக்கு இழுத்துப்போகும், பின்னது இரண்டு செக்கனில் நிறுத்தும். கணக்கு அவ்வளவுதான். சூரியன் எழச் சற்று முன், மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் அதுவும் வேண்டாம், கண்ணாடி இல்லாமலே ஓரிரு செக்கன் கிடைக்கும். இன்னும் கறுப்பான ஃபில்டருக்குக் காசைக் கொடுக்காதீர்கள்.

வற்று நேரம் பார்த்துப் போகச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. இங்கே கணக்குக் காற்றில்தான் இருக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், அதனால் கடல் தட்டையாகக் கிடக்கும். அலை வேண்டுமென்றால் வாடை. ஆனால் வாடையில் மழையும் மேகமும் சேர்ந்து வரும், கவனம்.

இரவில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உண்மைதான், நட்சத்திரத்துக்குப் பத்துப் பதினைந்து செக்கன் வேண்டும், கடல் எப்படியும் மழுங்கிவிடும். அதற்கு என்னிடம் ஒரே வழிதான் இருக்கிறது. படத்தில் கடலைக் கால்வாசிக்கு மேல் வைக்காதீர்கள், கறுப்பாகவே விட்டுவிடுங்கள். கறுப்பாக இருந்தால் பார்ப்பவர் அதன் சத்தத்தைத் தானே நினைத்துக்கொள்வார்.

நட்சத்திரங்கள் இழுபடுவதற்குக் காரணம் நீங்கள் பார்க்கும் திசை. நட்சத்திரம் இழுபடாமல் எத்தனை செக்கன் திறக்கலாம் என்று பார்க்க, 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுக்கும் விதியைப் படித்திருப்பீர்கள், 24 மில்லிமீற்றர் லென்ஸுக்கு 20 செக்கன் என்று. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து எட்டரைப் பாகை தள்ளி. துருவ நட்சத்திரம் வடக்கே கடலுக்கு மேல், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரம்கூட இருக்காது. அதன் பக்கம் நட்சத்திரங்கள் மெதுவாக நகரும். நீங்கள் பார்ப்பது கிழக்கு. அங்கே அவை மிக வேகமாக, கடலிலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும். ஆகவே 24க்கு 12 செக்கனோடு நிறுத்துங்கள். கமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, கூட்டுங்கள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொரிந்தால் பரவாயில்லை.

ஒட்டலாமா என்றால், வேண்டாம். அவசியமே இல்லை. மேற்குக் கரைக்காரர்கள் பால்வீதியின் நடுப்பகுதி கடலில் இறங்குவதைத்தான் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது கடலிலிருந்தே எழும்புகிறது. மார்ச் கடைசியில் நள்ளிரவு கழிந்து, மே கடைசியில் எட்டு மணி தாண்டி, தென்கிழக்கே பாருங்கள். முதலில் கடல் விளிம்போடு படுத்துக்கிடக்கும், பிறகு மெல்ல நிமிரும். அமாவாசைக்குப் பக்கத்து நாளாகப் பார்த்துப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். இராணுவ முகாம்கள், துறைமுகப் பக்கம் ட்ரைபொட்டை நிறுத்தவேண்டாம்.

லென்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருப்பதே போதும். வந்தவுடன் உப்பைத் துடைத்து வையுங்கள்.

இந்த வாடையில் டச்பேயில் எண்ணிப் பார்த்து, தணிவுக்கு முன் எத்தனை அலை வந்தது என்று எனக்கு எழுதுங்கள். படம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணா